கல்லூரிக்கு ஆயத்தம்: பள்ளியின் பொறுப்பும் பங்கின் பொறுப்பும்

(தலத்தெருவில் பங்கு யூபிலியை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் கொடியேற்றமும், தேர்ப்பவனியும், ஆலயத்துக்குப் புது வர்ணமும், அன்பு விருந்தும், இதோ உங்கள் கையில் இருப்பது போன்ற விழா மலரும் நம் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் வேண்டியவையே. நன்றியுள்ள மக்கள் கூடி மகிழாமல் இருக்க முடியாது. ஆனால் யூபிலி என்ற சொல் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டில் எக்காளம் ஊதப்படும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய உரிமையாளனிடம் திரும்பி வரும். அதாவது, தகப்பன் பட்ட கடனுக்காகப் பிள்ளையின் எதிர்காலம் என்றென்றைக்கும் அடகில் இருக்கலாகாது என்பதே யூபிலியின் உட்பொருள்.

அன்றைய இஸ்ராயேல் மக்களுக்கு நிலம் எப்படியோ, இன்று நம் பிள்ளைகளுக்குக் கல்வி அப்படியே. ஆகவே இந்த யூபிலியின்போது நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் கிறிஸ்தவப் பள்ளி என்பதாகும். அதிலும் விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளியை விட்டு, காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பள்ளியைப் பற்றியே பேசப் போகிறோம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அத்தகைய பள்ளிகளில்தான்.

காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றால் நம் தெருக்களின் காட்சியைக் காணலாம். வேன் ஒரு நிறச் சீருடையை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆட்டோ இன்னொரு நிறத்தை ஏற்றுகிறது. சைக்கிளில் வேறொரு நிறம் போகிறது. சீருடையைப் பார்த்தே அந்த வீட்டின் வருமானத்தைச் சொல்லிவிடலாம். சீருடையே இல்லாமல், பத்தாம் வகுப்போடு நின்று, கட்டட வேலைக்கோ கடை வேலைக்கோ சோற்றுப் பாத்திரத்தோடு புறப்படும் பிள்ளையும் அதே தெருவில்தான் நடக்கிறான். அந்தப் பிள்ளைக்கும் நாம்தான் திருமுழுக்குக் கொடுத்தோம். நாம்தான் புதுநன்மை வழங்கினோம்.

1844: ஓர் ஆண்டின் அறுவடை

நம் முன்னோர் இதில் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம். 1844ஆம் ஆண்டு நம் கடற்கரைத் திருச்சபையின் கல்வி வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் மேதகு பொன்னான் ஆண்டகை புதுச்சேரியில் ஒரு மாமன்றத்தைக் கூட்டினார். இந்நாட்டுப் பிள்ளைகளைக் குருக்களாக உருவாக்குவதும், ஆண் பெண் இருபாலருக்கும் பள்ளிகள் திறப்பதும் அம்மன்றம் வலியுறுத்திய காரியங்கள்.

மன்றத் தீர்மானங்கள் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. அதே 1844இல் புதுச்சேரியில் பெத்தி செமினேர் பள்ளி தொடங்கப்பெற்றது. இன்று அது நம் உயர்மறைமாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளியாக விளங்குகிறது. அதே ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை துப்புய், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்கென்றே இந்நாட்டுக் கன்னியர் சபையொன்றைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று இன்று நாம் அறிவது அதுவே. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று வீட்டுக்கு வீடு கேட்ட காலம் அது. தந்தை துப்புய், தந்தை முசே என்பவரோடு சேர்ந்து தமிழ் - பிரெஞ்சு அகராதி தொகுத்தவர் என்பதையும் தமிழ் மக்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

வடக்கே புதுச்சேரியில் இப்படி என்றால், தெற்கே நாகப்பட்டினத்தில் அதே 1844இல் இயேசு சபைத் தந்தையர் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினார்கள். அன்றைய கல்லூரி என்பது பள்ளி வகுப்புகளையும் உள்ளடக்கியதே. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த பிறகு, அதன் தேர்வுகளுக்கு நாகைக் கல்லூரியும் மாணவரை ஆயத்தம் செய்தது. இரு பெரும் கல்விச் சாலைகளுக்கும் நடுவே நம் காரைக்கால் இருந்தது.

1883இல் சூசையப்பர் கல்லூரி நாகையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. திருச்சிக்கு அது பெரும் பேறாயிற்று. பிற்காலத்தில் இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் என்ற இளைஞர் 1950களில் அங்கே பயின்று, 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நம் கடற்கரைப் பிள்ளைகளின் நிலையிலிருந்து அந்த மாற்றத்தைப் பாருங்கள். முன்பு அருகில் இருந்த கல்லூரி, பிறகு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. அங்கே படிக்க வேண்டுமென்றால் ஊரைவிட்டுப் போய்த் தங்க வேண்டும். தங்க வேண்டுமென்றால் பணம் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை போனான், மற்றவன் நின்றுவிட்டான். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய நல்ல பள்ளி ஏழைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதிலிருந்து உணரலாம். பணக்காரன் தூரத்தை விலைகொடுத்துக் கடந்துவிடுவான். ஏழைக்குத் தூரமே பூட்டு.

கட்டணமின்றிப் பிறந்த பள்ளி

இன்று கிறிஸ்தவப் பள்ளி என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டணம். இந்த எண்ணம் எவ்வளவு பிற்காலத்தது என்பதை அறிந்தால் வியப்பீர்கள். புனித இஞ்ஞாசியார் உயிரோடிருந்த காலத்தில், 1548ஆம் ஆண்டு, இத்தாலியிலுள்ள சிசிலித் தீவின் மெசினா நகரில் இயேசு சபையினர் பொதுநிலை மாணவருக்கான தம் முதல் கல்லூரியைத் திறந்தனர். இலக்கணத்தில் தொடங்கி உயர்கல்விக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி அது. மாணவர் பெரும்பாலும் தம் வீடுகளிலிருந்தே வந்து போனார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்ற நற்செய்திக் கட்டளையை இயேசு சபையினர் கல்விக்கும் பொருத்திக் கொண்டார்கள்.

அவ்வாறாயின் ஆசிரியர் உண்டது எப்படி? கட்டடம் எழும்பியது எப்படி? அந்த நகரத்தார் கொடுத்தார்கள். நகரசபையும் செல்வந்தரும் நிலமும் பணமும் மானியமாக எழுதி வைத்தார்கள். அதன் வருவாயில் பள்ளி நடந்தது. 1597இல் உரோமை நகரின் திரஸ்தேவரே பகுதியில் ஒரு பங்கு ஆலயத்தை ஒட்டிய அறைகளில் புனித சூசை கலசான்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். ஐரோப்பாவின் முதல் இலவசப் பொதுப் பள்ளி என்று கல்வி வரலாற்றாசிரியர் பலர் அதனைக் குறிப்பிடுவர். அந்தப் பள்ளிக்கு இடம் கொடுத்தது ஒரு பங்கு என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

பின்னர் 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது அந்த மானியங்களெல்லாம் பறிபோயின. 1814இல் சபை மீண்டும் உயிர்பெற்றபோது பழைய நிலங்கள் திரும்பவில்லை. அமெரிக்காவிலிருந்த தந்தையர் கட்டணம் வாங்காமல் பள்ளி நடத்த இயலவில்லை என்று முறையிட, 1833இல் சபைத் தலைவர் தந்தை ரூத்தான் அதற்கு விதிவிலக்கு அளித்தார். கட்டணம் என்பது விதிவிலக்காகத்தான் உள்ளே வந்தது. காலப்போக்கில் விதிவிலக்கே விதியாகிவிட்டது.

இதைச் சொல்வதால் கட்டணம் வாங்குகிற பள்ளிகளை நாம் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். அரசு மானியம் இல்லாத பள்ளியில் ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், ஆய்வுக்கூடம் யாவும் கட்டணத்திலிருந்தே வர வேண்டியிருக்கிறது. ஆசிரியைக்கு அரைச் சம்பளம் கொடுத்து ஏழைப் பிள்ளைக்கு இலவசக் கல்வி கொடுத்தால் அதுவும் அநீதியே. இங்கே ஒரு கேள்வியை மட்டும் எழுப்புகிறோம். அன்று மெசினா நகரம் கொடுத்ததை இன்று யார் கொடுப்பது? பள்ளியை நடத்தும் குருக்களும் கன்னியரும் மட்டும் அதைச் சுமக்க முடியாது. பங்கு சமூகம் முழுவதும் தோள்கொடுத்தால்தான் முடியும்.

எதற்கு ஆயத்தம்?

கல்லூரிக்கு ஆயத்தம் என்கிறோம். கல்லூரி எதற்கு என்று கேட்டால் வேலைக்கு என்பார்கள். வேலை வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்ல மாட்டார், நாமும் சொல்லோம். வறுமையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து நிற்பதற்கு ஒரு பட்டதாரிப் பிள்ளை எவ்வளவு துணை என்பது நாம் கண்கூடாகக் காண்பது. ஆயினும் அத்தோடு முடிந்துவிடுகிறதா?

நம் கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், அமெரிக்கப் புரொட்டஸ்டாண்டு மிஷனரிமார் 1823இல் ஓர் உயர்கல்விச் சாலை தொடங்கினர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. அதன் தரத்துக்கு ஒரு சான்று போதும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதல் பி.ஏ. தேர்வு நடத்தியபோது தேறி முதல் பட்டதாரிகளாக விளங்கிய சி. வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை ஆகிய இருவருமே அந்த வட்டுக்கோட்டைச் சாலையில் பயின்றவர்கள்தாம்.

ஆனால் அவர்கள் பட்டம் பெறுவதற்கு முன்பே, 1855இல், அந்தக் கல்விச் சாலை மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, மாணவர் ஆங்கிலத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வருகிறார்களே தவிர வேதத்துக்காக வரவில்லை என்று கண்டு, அதை நடத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. 1872இல்தான் யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மறுபிறப்பு எடுத்தது.

மூடியவர்களின் கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் அவர்களின் கணக்கு சரியா? தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தார். எனினும் அவர் பெற்ற கல்வி வீண்போகவில்லை. ஏட்டுச் சுவடிகளில் செல்லரித்துக் கொண்டிருந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் தேடி எடுத்து, 1880களில் அச்சேற்றித் தமிழுக்கு வாழ்வு கொடுத்தவர் அவர். கல்வியின் பலனைப் பள்ளி மூடும் ஆண்டில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தே அது வெளிப்பட்டது.

ஆகவே கிறிஸ்தவப் பள்ளி எத்தனை பேரை மதம் மாற்றியது என்பதும் அளவுகோல் ஆகாது; எத்தனை பேரை மருத்துவராக்கியது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. படித்தவன் தான் பெற்றதை யாருக்காகப் பயன்படுத்துகிறான் என்பதே அளவுகோல். பிரான்சுக்குப் போன பிள்ளை தன் தெருவை நினைக்கிறானா? அதிகாரியான பெண் தாசில்தார் அலுவலகத்தில் நடுங்கி நிற்கும் மூதாட்டியை உட்காரச் சொல்கிறாளா? இதற்கும் சேர்த்து ஆயத்தம் செய்வதே கிறிஸ்தவப் பள்ளி.

1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. வறியவர், குடும்பத்தின் அன்பும் ஆதரவும் இல்லாதவர், விசுவாசத்தைப் பெறாதவர் ஆகிய மூவகைப் பிள்ளைகளையும் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்று அச்சங்கம் கேட்டுக்கொண்டது. அந்த அறிக்கையின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2025 அக்டோபரில் திருத்தந்தை பதினான்காம் லியோ கல்வி பற்றி ஒரு திருத்தூது மடலும் வழங்கியிருக்கிறார். திருச்சபை இதை மறக்கவில்லை. பங்குகளாகிய நாமும் மறக்கலாகாது.

சட்டம் விடுவித்தாலும்

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நான்கில் ஓர் இடத்தை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு அந்தத் தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நீதிமன்றம் எப்படித் தீர்த்தாலும் தீர்க்கட்டும். நம் மனச்சாட்சிக்கு முன் கேள்வி ஒன்றே: சிறுபான்மை உரிமை என்ற கேடயம் எதற்காக நமக்குத் தரப்பட்டது? நம்முள் நலிந்தவர்களைக் காப்பதற்காகத் தரப்பட்டது. அவர்களை வெளியே நிறுத்துவதற்கு அதே கேடயத்தைப் பயன்படுத்தினால் அது நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தலித் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் அட்டவணைச் சாதியினருக்குரிய சலுகைகள் அவருக்கு இல்லை. இதனை எதிர்த்துத் திருச்சபை பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. தடை இன்னும் நீங்கவில்லை. அதாவது நம்முடைய அந்தப் பிள்ளை, ஞானஸ்நானம் பெற்ற காரணத்தால் அரசின் ஒரு கதவு மூடப்பட்டு நிற்கிறான். அவன் திரும்பி நம் பள்ளியின் கதவைத் தட்டும்போது, பணமில்லை என்று அதுவும் மூடப்பட்டால், கிறிஸ்துவுக்காக அவன் கொடுத்த விலைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? டில்லியில் நீதி கேட்டுக் குரல் கொடுப்பவர்கள் தெருமுனையில் நீதி செய்து காட்ட வேண்டும்.

பள்ளியின் ஏழு மணி நேரம், பங்கின் மாலை நேரம்

இனி நம் ஊரின் நிலைமைக்கு வருவோம். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதுவரை கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்புக்குப் பதிலாகப் பள்ளிக்குள்ளேயே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் ஏற்பட்டன. அன்றுமுதல் கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் முழுப் பொறுப்பும் பள்ளியின் மேல் விழுந்தது. இந்த இரண்டு ஆண்டுகளே ஒரு பிள்ளையின் திசையைத் தீர்மானிக்கின்றன.

நம் காரைக்காலில் 2010 முதல் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளை நடக்கிறது. வேளாண்மைக் கல்லூரியும் அரசு கலைக் கல்லூரிகளும் உள்ளன. ஒரு காலத்தில் திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் பிள்ளையை அனுப்பிய ஊருக்கு இன்று நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அந்த வளாகங்களில் நம் தெருப் பிள்ளைகள் மாணவராக நுழைகிறார்களா, அல்லது சித்தாளாகவும் காவலாளியாகவும் மட்டும் நுழைகிறார்களா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள்.

ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியையிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மாலை நாலரை மணிக்கு மணி அடிக்கிறது. ஒருவன் வீட்டுக்குப் போய்ப் பால் குடித்து, டியூஷனுக்குப் போய், நீட் தேர்வுக்கென்று தனி வகுப்புக்கும் போகிறான். மற்றவள் வீட்டுக்குப் போகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், அம்மா வேலையிலிருந்து வருமுன் உலை வைக்கிறாள். பிறகு ஒற்றை அறையில் தொலைக்காட்சி ஓடும்போது சுவரோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கிறாள். இருவருக்கும் தேர்வில் ஒரே வினாத்தாள்தான் வருகிறது. மதிப்பெண் குறைந்தால் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்கிறோம்.

வீட்டிலிருந்து போய்வரும் பள்ளியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பள்ளியின் கையில் பிள்ளை ஏழு மணி நேரமே இருக்கிறான். மீதி நேரம் வீட்டுக்கும் தெருவுக்கும் சொந்தம். விடுதிப் பள்ளியில் படிப்பு நேரம், விளக்கு, அமைதி, மேற்பார்வை எல்லாவற்றையும் பள்ளியே தரும். போய்வரும் பள்ளியில் அவற்றை வீடு தர வேண்டும். வீடு தர இயலாதபோது யார் தருவது? பங்கு தர வேண்டும் என்பதே நம் பதில். பள்ளி பாதி, பங்கு மறு பாதி.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், மெக்சிகோ நாட்டிலிருந்து குடியேறிய உழைப்பாளர் வாழும் பகுதியில், 1996இல் இயேசு சபையினர் கிறிஸ்து அரசர் பள்ளியைத் தொடங்கினர். ஸ்பானிய மொழியில் கிறிஸ்தோ ரேய் என்பார்கள். ஏழைப் பிள்ளைகளை மட்டுமே கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி அது. கட்டணத்துக்கு வழி என்ன? நகரத்து அலுவலகங்களில் ஓர் எழுத்தர் வேலையை நான்கு மாணவர் பகிர்ந்து கொள்கிறார்கள். ஆளுக்கு வாரம் ஒரு நாள் வேலை. மற்ற நாட்கள் பள்ளி. அந்தச் சம்பளம் பள்ளிக் கட்டணத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. இன்று அந்நாட்டில் அத்தகைய பள்ளிகள் முப்பதுக்கும் மேல் உள்ளன. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் முறையை நாம் இங்கே பின்பற்றச் சொல்லவில்லை. நம் நாட்டில் பிள்ளை உழைப்பால் பட்ட காயம் போதும். ஆனால் அதிலுள்ள நல்ல கருத்தை எடுத்துக்கொள்வோம். உதவி பெறும் பிள்ளை பிச்சைக்காரனாக நிற்கக் கூடாது. தன் பங்கைத் தானும் கொடுத்தேன் என்ற தன்மானத்தோடு நிற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

யூபிலி ஆண்டு முடியுமுன் நாம் தொடங்கக் கூடியவை என்று நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் நம்மிடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். யார் எங்கே படிக்கிறார், யார் நின்றுவிட்டார், ஏன் நின்றார் என்று அதில் எழுத வேண்டும். கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பவர் மட்டுமன்றி அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டும். 2023-24 கல்வியாண்டு முதல் நம் பகுதி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 2023 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு ஒதுக்கீடும் வந்துள்ளது. ஆகவே கடன் வாங்கியாவது கான்வென்டில்தான் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் நகையை அடகுவைக்க வேண்டிய அவசியமில்லை. எந்தப் பள்ளியில் படித்தாலும் அவர்கள் நம் பிள்ளைகளே.

இரண்டாவது, மாலைப் படிப்பகம். நம் பங்கு மண்டபம் ஆண்டில் பல மாலைகள் பூட்டியே கிடக்கிறது. மாலை ஆறரை முதல் ஒன்பது வரை அது திறந்திருக்கட்டும். விளக்கு, மின்விசிறி, மேசை, குடிதண்ணீர், கேட்டால் விளக்கம் சொல்லக் கூடிய ஒருவர். இவ்வளவு போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், கல்லூரியில் படிக்கும் இளைஞர்களும் வாரம் ஒரு மாலை கொடுத்தால் ஏழு பேரில் ஒரு வாரம் ஓடிவிடும். பெண்பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பை மாதா சபைத் தாய்மார் ஏற்கலாம். இந்து, இஸ்லாமியச் சகோதரரின் பிள்ளைகள் வந்தாலும் மேசையில் இடம் உண்டு. நம் ஊரில் அது வழக்கத்துக்கு மாறானதும் அன்று.

மூன்றாவது, சான்றிதழ் உதவி. மதிப்பெண் இருந்தும் படிவம் நிரப்பத் தெரியாமல் இடத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. சென்டாக் விண்ணப்பம், குடியிருப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றைக் காலக்கெடுவுக்குள் முடிக்க வழிகாட்ட வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் இருவரும், அலுவலக நடைமுறை அறிந்த பெரியவர் ஒருவரும் தேர்வு முடிவு வரும் மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் உட்கார்ந்தால் போதும். இது பெரிய தருமம் என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் ஒரு தலைமுறையைக் காப்பாற்றும் தருமம் இது.

நான்காவது, யூபிலிக் கல்வி நிதி. திருவிழாவுக்கு நாம் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கை இந்த நிதிக்கு ஒதுக்குவோம். வாணவேடிக்கை ஒரு நாழிகையில் கரிந்துவிடும். ஒரு பிள்ளையின் மேல்நிலைப் படிப்பு அறுபது ஆண்டு வெளிச்சம் தரும். வெளிநாட்டில் வாழும் நம் பங்கின் பிள்ளைகளும் இதில் சேரட்டும். உதவி பெறுபவரின் பெயர் பலிபீடத்திலிருந்து வாசிக்கப்படாது; விழா மலரில் படம் வராது. பெற்றவர் திருப்பிச் செலுத்த வேண்டியது ஒன்றுதான். தாம் கல்லூரியில் சேர்ந்த பிறகு மாலைப் படிப்பகத்தில் தமக்குப் பின்னால் வரும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வசதி வந்த பிறகு பணமாகவும் தரலாம்.

இவற்றோடு, நம் பகுதியில் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் குருக்களையும் கன்னியரையும் அன்போடு வேண்டிக்கொள்கிறோம். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான்கில் ஓர் இடத்தை வறிய பிள்ளைகளுக்கு வைத்துப் பாருங்கள். அந்தச் சுமையை உங்கள்மேல் மட்டும் போட மாட்டோம். அன்று மெசினா நகரத்தார் செய்ததைத் தம்மால் இயன்ற அளவு தலத்தெருப் பங்கு செய்யும்.

அன்பார்ந்தவர்களே, இதெல்லாம் நடக்குமா என்று சிலர் உள்ளத்தில் கேட்கக்கூடும். பணம் சேருமா, பிள்ளைகள் வருவார்களா, மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடாதா என்றும் கேட்கலாம். 1844இல் நம் முன்னோரிடம் இருந்ததைவிட நம்மிடம் அதிகமாகவே இருக்கிறது. அவர்களுக்கு மின்விளக்கு இல்லை. நல்ல சாலை இல்லை. படித்த பெண் ஒருத்தியைக் காண்பதே அரிது. ஆயினும் தொடங்கினார்கள். இன்று நம் பங்கில் பட்டதாரிப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் அன்று தொடங்கியதன் கனி.

நாசரேத்தூர்ச் செபக்கூடத்தில் நம் ஆண்டவர் இசையாஸ் இறைவாக்கினரின் சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தியையும், ஆண்டவரின் அருள்தரும் ஆண்டையும் அறிவித்தார் என்று புனித லூக்காஸ் எழுதுகிறார். சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அது எப்போதோ நிறைவேறும் என்று அவர் சொல்லவில்லை. அன்றே நிறைவேறியது என்றார். நம் யூபிலியும் அப்படியே இருக்கட்டும். வரும் திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு மண்டபத்தின் கதவு திறந்திருக்கும். பெற்றோர் பிள்ளைகளை அனுப்புங்கள். சொல்லிக்கொடுக்க வல்லவர்கள் வாருங்கள். வர இயலாதவர்கள் ஒரு நாற்காலியாவது கொடுத்தனுப்புங்கள்.

ஞானத்தின் இருப்பிடமாகிய அன்னை மரியாள் நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.